காத்திருப்புக்கும் பரம்பரை உண்டா?

ஒரு மனுசனை எத்தனை காலம் வரைக்கும் காத்திருக்கச் சொல்லலாம்? அதற்கு ஒரு அளவு உண்டா, இல்லையா? இந்தக் கேள்வியை நான் புத்தகத்திலிருந்து எடுக்கவில்லை. மரக்காணத்து உப்பளத்தில் கூலி வேலை செய்தவர்கள் வீட்டில் பிறந்தவன் நான். எங்க சனங்களுக்குக் காத்திருப்பது ஒன்றும் புதுசு இல்லை. மழை விடணும், பாத்தி காயணும், கூலி வரணும், பட்டா வரணும். தண்ணியை ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாற்றிக்கொண்டே போனால், காய்ந்து கனத்து 25 டிகிரி வாக்கில் உப்பு கட்டியே தீரும். எத்தனை நாள் ஆகும் என்று வெயிலைப் பார்த்தே எங்க ஆயா சொல்லிவிடும். பட்டா எப்ப வரும் ஆயா என்று கேட்டால், "அத அவனத்தான் கேக்கணும்" என்று வாயை மூடிக்கொள்ளும். யாரந்த அவன் என்பதுதான் நான் பேச வந்த விசயம்.

மரக்காணத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி பக்கமாகப் போனால் கீழ்புத்துப்பட்டு வரும். ஐயனார் கோயிலுக்குப் பேர்போன ஊர். அங்கே ஈழத்திலிருந்து உயிர் தப்பி வந்தவர்களின் முகாம் இருக்கிறது. 1983 ஜூலைப் படுகொலைக்குப் பிறகு, 1990ல் மறுபடி சண்டை மூண்ட பிறகு, 2006க்குப் பிறகு என்று அலை அலையாகப் படகில் வந்தவர்கள், தமிழ்நாடு முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் 50,000 பேருக்கு மேல் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் மாநில அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. பணக்கொடையைக் கூட்டியது, 7,469 வீடுகள் கட்டித் தருவதாகச் சொன்னது. பத்துக்குப் பத்து அறையில் மூன்று தலைமுறை படுத்துக் கிடந்த இடத்தில் புது வீடு வருவதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெயர் மாற்றுகிற வேலை நமக்கு ரொம்பப் பழக்கமானது. சேரி என்றார்கள், காலனி என்றார்கள், 2025 ஏப்ரலில் காலனி என்ற சொல்லையும் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக அறிவித்தார்கள். ஊர்க்காரன் வாயில் நாங்கள் இன்னும் காலனிக்காரன்தான். அவர்கள் கேம்ப்காரன்.

என் சின்னம்மா மகள் அந்தக் கேம்ப்காரர் ஒருவரைத்தான் கட்டிக்கொண்டது. 1990ல் திருகோணமலையிலிருந்து ஆறு வயதுப் பையனாக வந்தவர் அவர். பெயிண்ட் வேலை. சாலையோரத்து ஓட்டல் சுவரெல்லாம் அவர் கை பட்டது. கல்யாணப் பேச்சின்போது மாப்பிள்ளை வீட்டுக் கிழவி மெதுவாக "நீங்கள் என்ன ஆக்கள்?" என்று கேட்டதையும் சொல்லத்தான் வேண்டும். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடலைத் தாண்டியபோதும் சாதியை விட்டுவிட்டு வரவில்லை. அது தனிக் கட்டுரைக்கான சங்கதி. எப்படியோ கல்யாணம் நடந்தது. 2006ல் பையன் பிறந்தான். ஐ.டி.ஐ. முடித்து, வளைகுடாவுக்கு வெல்டிங் வேலைக்குப் போகலாம் என்று பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டான். ஒரு ஆபீசில் அப்பாவின் காகிதத்தைக் கேட்டார்கள். காட்டினான். அதோடு முடிந்தது.

"எங்கம்மா இந்த ஊர்க்காரி, ஓட்டுப் போடுது. நான் பொறந்தது இங்க உள்ள கவுருமெண்ட் ஆஸ்பத்திரி. நான் எப்டி மாமா சிலோன்காரன் ஆனேன்?" என்று என்னிடம் வந்து கேட்டான்.

சட்டத்தைப் புரட்டிப் பார்த்தேன். 1987 ஜூலை 1க்கு முன்னால் இந்த மண்ணில் பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடிமகன். அதன்படிதான் 1986ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கும்படி 2022ல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை உத்தரவிட்டது. அவர் 2024 தேர்தலில் ஓட்டும் போட்டார். அதற்குப் பிறகு 2004 டிசம்பர் வரை பிறந்தவர்களுக்குத் தாய் தகப்பனில் ஒருவர் இந்தியராக இருந்தால் போதும். 2003ல் கொண்டுவந்த திருத்தத்தால், 2004 டிசம்பர் 3 முதல் அதுவும் போதாது. ஒருவர் இந்தியராக இருக்கணும், மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருக்கக்கூடாது. படகில் வந்தவனை அரசே எண்ணி, பதிந்து, அடையாள அட்டை கொடுத்து, மாதாமாதம் ஆள் சரிபார்த்து, காசும் கொடுக்கிறது. அதே அரசின் குடியுரிமைச் சட்டத்தில் அவன் சட்டவிரோதம்! அந்தப் பெயர் இருக்கும்வரை அவன் எத்தனை வருசம் இங்கே குடியிருந்தாலும் அது கணக்கில் சேராது.

இங்கேதான் எனக்கு மண்டையில் உறைத்தது. தாய் ஒசத்தி, தகப்பன் மட்டம் என்றால் பிள்ளை எங்கே போகும்? இந்தக் கணக்கை மனு ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறான். பார்ப்பனத்திக்கும் சூத்திரனுக்கும் பிறந்தது சண்டாளன். இரண்டு ரத்தம் கலந்தால் எது கீழோ அதற்கும் கீழே தள்ளு என்பதுதான் அந்தச் சூத்திரம். பாராளுமன்றத்தில் உட்கார்ந்து சட்டம் எழுதியவர்கள் மனுவைப் பார்த்து எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. பார்க்கத் தேவையில்லாத அளவுக்கு அது இங்கே புத்தியில் ஊறிக் கிடக்கிறது. காத்திருக்கிறவன் ஒருவன் என்றால் அதைக் காத்திருப்பு என்று சொல்லலாம். அவன் பிள்ளையும் அதற்குள்ளேயே பிறந்து, அது செய்யாத ஒன்றுக்காக, அதே வாசலில் நிற்கிறது என்றால் அதற்கு வேறு பெயர் உண்டு. அந்தப் பெயர் நமக்குத் தெரியும்.

சாதியோடு இதை எப்படி ஒப்பிடலாம் என்று ஒரு தோழர் சண்டைக்கு வந்தார். "நம்மகிட்ட எல்லாக் காகிதமும் இருக்குது. 2013 ஏப்ரல்ல மரக்காணத்துல தலித் வீடுங்கள கொளுத்துனப்ப அந்தக் காகிதம் காப்பாத்துச்சா?" என்றார். காப்பாற்றவில்லை. ஆனால் மறுநாள் நாம் போலீசு ஸ்டேசனில் நின்று கத்தினோம், மறியல் செய்தோம், வழக்குப் போட்டோம். நாளைக்குக் கேம்ப் வீடு எரிந்தால் மச்சான் போய்க் கத்துவாரா? முகாமை விட்டு வெளியே தங்கப் போவதற்கே அனுமதி கேட்டுப் பழகியவர் அவர். "நாங்கள் சத்தம் போட்டால் அது வேற கேஸ் ஆகிடும் மச்சான்" என்று சிரிப்பார். குடியுரிமை சோறு போடாது, மானத்தையும் தராது. கேட்கிறதற்கு ஒரு வாயைத் தரும், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் இல்லாமல் இருந்தால் தெரியும்.

உயிர் பிழைக்க இடம் கொடுத்ததே பெரிசு, இன்னும் என்ன கேட்கிறார்கள் என்று சொல்கிற நல்லவர்களும் இருக்கிறார்கள். 2025 மே மாதம் ஈழத்தமிழர் ஒருவரின் வழக்கில் உச்சநீதிமன்ற அமர்வே, உலகத்து அகதிகளையெல்லாம் ஏற்க இந்தியா தர்மசத்திரமா என்று கேட்டது. சத்திரம் என்றால் இரண்டு நாள், மூன்று நாள். முப்பத்தைந்து வருசம் இருந்து, கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்று, பெற்றவர்களைப் புதைத்த இடத்துக்குச் சத்திரம் என்று பெயர் இல்லை. அடைக்கலம் தருவது தருமம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கெடு சொல்லாத அடைக்கலத்தில் கொடுத்தவன் கை எப்போதும் மேலேயே இருக்கிறது. வாங்கினவன் ஆயுசு முழுக்க நன்றி சொல்லிக்கொண்டே இருக்கணும். பண்ணையில் களத்துநெல் வாங்கியவர்களுக்கு இந்த நன்றியின் ருசி தெரியும்.

எல்லாரும் இங்கேயே இருக்க ஆசைப்படுகிறார்கள் என்றும் இல்லை. ஊருக்குத் திரும்பணும் என்கிற கிழவர்கள் உண்டு, திரும்பிப் போனவர்களும் உண்டு. அது அவர்கள் முடிவாக இருக்கட்டும். முடிவு செய்ய விடாமல் நடுவில் நிறுத்தி வைப்பதுதான் கொடுமை.

இதில் மலையகத்தாரின் கதை இன்னும் மோசம். நம் மாவட்டங்களின் சேரிகளிலிருந்து கங்காணிகள் கூட்டிக்கொண்டுபோய்த் தேயிலைக்கும் காப்பிக்கும் உரமாக்கிய சனங்கள், பெரும்பாலும் தலித்துகள். 1948ல் இலங்கை அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து, 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று மாடு பிரிப்பதுபோலப் பிரித்தார்கள். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கலவரத்தில் அடிபட்டு அகதியாக இங்கே வந்த மலையகத்தார் 65 பேர் தொடுத்த வழக்கில், 2019 ஜூனில் மதுரைக் கிளை, அவர்களின் மனுவை மத்திய அரசு பரிசீலித்து முடிவு சொல்லணும் என்றது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாட்டைச் சொன்னது. முஸ்லிமை விட்டது, இலங்கையையும் விட்டது. பாட்டன் பூமிக்குத் திரும்பி வந்தவன் அகதி. இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

வெளிநாடுகளிலும் இழுத்தடிக்கத்தான் செய்கிறார்கள். அமெரிக்காவில் 2005 வரைக்கும், அடைக்கலம் கிடைத்தவர்களில் வருசத்துக்கு 10,000 பேருக்குத்தான் நிரந்தரமாகத் தங்கும் உரிமை என்று உச்சவரம்பு இருந்தது. வரிசை வருசக்கணக்கில் நீண்டது. பிரிட்டன் 2025 நவம்பரில், அடைக்கலம் பெற்றவர்கள் நிரந்தர உரிமைக்கு 20 வருசம் காத்திருக்கணும் என்று ஒரு திட்டத்தை அறிவித்தது. கொடுமைதான். ஆனாலும் அது ஒரு எண். இருபது என்றால் விரல்விட்டு எண்ணலாம். இங்கே எண்ணுவதற்கே ஒன்றும் இல்லை. 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை, தனியாக ஒரு அகதிச் சட்டமும் கிடையாது. 2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்திருக்கிற இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாத குற்றத்துக்குத் தண்டனை இல்லை என்று மத்திய அரசு உத்தரவு போட்டது. முகாமில் சில பேர் மிட்டாய் கொடுத்தார்கள். மச்சான் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "அப்போ இனிமேல் பிடிச்சுக்கொண்டு போகமாட்டினம். அவ்வளவுதானே?" என்றார். அவ்வளவுதான்.

அந்த நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் வந்தது. தங்கச்சிக்கு ஓட்டு இன்னும் எங்கள் தெரு விலாசத்தில்தான் இருக்கிறது. படிவத்தை வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தது. பழைய பட்டியலில் அதன் பெயரோ, பெற்றவர்கள் பெயரோ எங்கே இருக்கிறது என்று எழுதணும். உப்பு வாரியே செத்துப்போன எங்க சித்தப்பா பெயரைத் தேடி ராத்திரி பத்து மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தோம். ஒருவழியாகக் கிடைத்தது, எழுத்துப் பிழையோடு. பையன் செல்போனில் வெளிச்சம் அடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றான். "எனக்கு ஒரு படிவம் இல்லியா மாமா?" என்றான். தங்கச்சி படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "கடைசி பஸ்ஸு போயிடும், கெளம்புடா" என்றது.