கொடுப்பவர் யார்?

ஜூன் மாதம் பிறந்ததும் அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் தங்கள் சின்னங்களுக்கு வானவில் நிறம் பூசிக்கொள்வது ஒரு சடங்காகவே இருந்து வந்தது. சமீப ஆண்டுகளில் பூச்சு வெளிறிவிட்டது. இதைப்பற்றி நம் நண்பர்களிடையே இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. காசுக்காகச் செய்தாலும் நல்லது நல்லதுதானே என்பது ஒன்று. முதலாளி கை வைத்துவிட்டான், ஆகவே தன்பாலீர்ப்பாளர் விடுதலை என்பதே வர்க்கப் பிரச்னையை மறக்கடிக்கும் தந்திரம் என்பது மற்றது. முதலாவதில் சிந்தனைச் சோம்பல் இருக்கிறது. இரண்டாவதில் சோம்பலோடு ஒரு சௌகரியமும் இருக்கிறது. அந்தச் சௌகரியத்தை அனுபவித்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

கூர்ஸ் என்ற பீர் நிறுவனத்தின் கதை இந்த விஷயத்தில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எழுபதுகளின் மத்தியில் ஸான் பிரான்ஸிஸ்கோவில் பீர் லாரி ஓட்டுநர்களின் சங்கம் கூர்ஸைப் புறக்கணிக்கச் சொல்லி இயக்கம் நடத்தியது. தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் மதுக்கடைகளில் அந்த பீரை நிறுத்தவைக்க சங்கம் ஹார்வி மில்க்கின் உதவியை நாடியது. அவர் ஒரு நிபந்தனை வைத்தார்: லாரி ஓட்டும் வேலை எங்கள் ஆட்களுக்கும் வேண்டும். சங்கம் ஏற்றுக்கொண்டது. வேலைக்கு வருபவர்களைப் பொய்யறியும் கருவிமுன் உட்காரவைத்து அந்தரங்கங்களைக் கேட்கிறார்கள் என்ற புகாரும் அந்த நிறுவனத்தின் மேல் இருந்தது. ஆகவே இரு தரப்புக்கும் எதிரி ஒன்றேதான்.

பிறகு நடந்ததைக் கவனியுங்கள். 1977-ல் கூர்ஸ் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நிறுவனம் வெளியிலிருந்து ஆள் எடுத்து ஆலையை ஓட்டியது. 1978-ல் பாலீர்ப்பைக் காரணம் காட்டிப் பாரபட்சம் செய்யமாட்டோம் என்று தன் விதிகளில் எழுதிக்கொண்டது. அதே 1978 டிசம்பரில், புதிதாக எடுக்கப்பட்டவர்களும் சேர்ந்து வாக்களித்ததில், ஆலையில் சங்கத்தின் அங்கீகாரம் போயிற்று. 1995-ல் ஊழியர்களின் தன்பால் துணைவர்களுக்கும் மருத்துவச் சலுகை வந்தது.

ஒரே ஆண்டில் ஒரு கை கொடுத்தது, இன்னொரு கை எடுத்தது. இதில் சதி இருந்ததா என்பது எனக்கு முக்கியமில்லை. இதன் தர்க்கம்தான் முக்கியம். தனி மனிதனுக்குக் கொடுக்கக்கூடியதை எல்லாம் நிறுவனம் கொடுக்கும். சேர்ந்து நின்று கேட்கும் பலத்தை மட்டும் கொடுக்காது. ஏனென்றால் கொடுத்ததைத் திரும்ப எடுக்கவிடாமல் தடுப்பது அந்தப் பலம் ஒன்றுதான்.

இப்படிச் சொல்வதால் அந்த மருத்துவச் சலுகை பொய் என்று ஆகிவிடாது. துணைவன் நோயில் கிடக்கும்போது பணம் எந்த உள்நோக்கத்தோடு வந்தது என்று யாரும் விசாரிக்கமாட்டார்கள். விசாரிக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது வசதியாக இருப்பவனின் ஒழுக்கம். ஆனால் 2025-ல் ஸான் பிரான்ஸிஸ்கோ பெருமித ஊர்வலத்தின் பழைய புரவலர்களில் சிலர், ஆன்ஹைசர்-புஷ் உட்பட, பணம் தருவதிலிருந்து விலகிக்கொண்டார்கள். வாஷிங்டனில் காற்று திசைமாறிய ஆண்டு அது. புரவலன் மனம் மாறினால் பாணன் வேறு வாசல் பார்க்கவேண்டியதுதான். சலுகைக்கும் உரிமைக்கும் உள்ள வித்தியாசம், கொடுப்பவருக்கு அக்கறை தீர்ந்த பிறகுதான் தெரியவரும்.

வேறு வழி இருந்ததா? இருந்தது. 1984-85 பிரிட்டிஷ் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது லண்டன் தன்பாலீர்ப்பாளர் குழு ஒன்று வாளி ஏந்திக் காசு சேர்த்து, தெற்கு வேல்ஸில் டூலைஸ் பள்ளத்தாக்குக்கு அனுப்பியது. வேலைநிறுத்தம் தோற்றது. ஆனால் 1985 ஜூனில் லண்டன் ஊர்வலத்தின் முன்வரிசையில் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் சங்கப் பதாகையோடு நடந்தார்கள். அதே ஆண்டு தொழிற்கட்சி மாநாட்டில் தன்பாலீர்ப்பாளர் உரிமைத் தீர்மானம் நிறைவேறியபோது சுரங்கச் சங்கத்தின் வாக்குகள் அதன் பக்கம் இருந்தன. தோற்றவர்கள் தோற்றவர்களுக்குக் கொடுத்தது இது. இதில் புரவலர் இல்லை.

இங்கே என்னைப்பற்றிச் சொல்லவேண்டும். நான் வங்கிக் குமாஸ்தா, சங்க உறுப்பினன். சில வருஷங்களுக்குமுன் இரண்டு பெண்கள் என் கவுண்டருக்குக் கூட்டுக் கணக்கு தொடங்க வந்தார்கள். "ரெண்டு பேருக்கும் என்ன உறவு?" என்று கேட்டேன். "ஒரே வீட்டுல இருக்கோம் சார்" என்றார் மூத்தவர். "அப்ப ஆளுக்கொரு கணக்கா ஆரம்பிச்சுக்குங்களேன்" என்றேன். அவர்கள் பாரத்தை மடித்து எடுத்துக்கொண்டு போனார்கள். மறுபடி வரவில்லை.

2024 ஆகஸ்டில் மத்திய நிதித்துறை ஒரு விளக்கம் வெளியிட்டது. பால்புதுமையினர் கூட்டுக் கணக்கு வைத்துக்கொள்ளவும் துணைவரை நாமினியாகக் குறிப்பிடவும் தடை எதுவும் இல்லை என்றது. அதைப் படித்தபோதுதான் உறைத்தது. எந்த விதியும் அந்தப் பெண்களைத் திருப்பி அனுப்பவில்லை. நான்தான் அனுப்பினேன்.

கிளைச் சங்கக் கூட்டத்தில் இதை எடுத்தேன். "தோழர், சம்பள ஒப்பந்தம் பேசுற நேரத்துல இது எதுக்கு?" என்றார் ஒருவர். நான் உட்கார்ந்துவிட்டேன். அவர் முட்டாள் அல்ல. வர்க்கத்தைப்பற்றி என்னைவிட நன்றாகப் பேசக்கூடியவர். என் பக்கத்து மேஜைக்காரருக்கும் இப்படி ஒரு வாழ்க்கை இருக்கலாம், அவருக்கும் சம்பள ஒப்பந்தம் உண்டு என்று நான் பதில் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை.

நிறுவனங்கள் இயக்கத்தைக் களவாடிவிட்டன என்று நம் பத்திரிகைகளில் எழுதுகிறோம். பாதிதான் சரி. காலியாகக் கிடந்த நாற்காலியில்தான் அவை வந்து உட்கார்ந்தன. அது சங்கத்தின் நாற்காலி. ஸான் பிரான்ஸிஸ்கோவில் ஒரு லாரி ஓட்டுநர் சங்கம் ஐம்பது வருஷங்களுக்குமுன் அதில் உட்கார்ந்து காட்டியது. அடுத்த கூட்டத்தில் எழுந்து பேசப்போகிறேனா என்பது எனக்கு இன்னும் நிச்சயமில்லை. நிறுவனங்களைக் குறைசொல்ல எனக்குள்ள யோக்யதை அதைப் பொறுத்தது.