களை பறிக்க யாரைக் கேட்பது?

வாழவந்தி நாட்டு உழவர் ஒருவர், தம் நெல் வயலுக்கு நீர் வரும் ஓடையை அடைத்துக்கொண்ட கோரையை மண்வெட்டியால் வெட்டி எறிகிறார் எனக் கொள்வோம். அதற்கு அவர் விண்ணப்பம் எழுத வேண்டும் என்று நம்மில் எவரும் எண்ணுவதில்லை. ஆனால் அதே நாமக்கல் மாவட்டத்தின் மேற்கு எல்லையில், பள்ளிபாளையத்துக் காவிரியில், கதவணை தேக்கிய நீரை ஆகாயத்தாமரை போர்த்தும்போது நிலைமை வேறாகிறது. அதை வாரி எடுக்க ஆற்றுக்குள் இயந்திரம் இறக்க விரும்புபவர் நீர்வளத் துறையின் இசைவைப் பெற்றாக வேண்டும். நன்மை செய்யவும் அனுமதி வேண்டுமா என்று நாம் சினம் கொள்கிறோம். அச்சினம் முற்றிலும் நியாயமானதுதானா?

நம் நாட்டில் களை அகற்றுதல் உரிமையாக அன்று, கடமையாகவே தொடங்கியது. ஏரியின் கால்வாயைத் தூர்வாருவதும் செடிகொடிகளை வெட்டுவதும் குடிமராமத்து எனப்பட்டன. 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் அவ்வழக்கத்தைச் சட்டமாக்கி, தம் பங்கைச் செய்யாதவரிடம் பணம் பெற வழி செய்தது. வங்காளத்தின் 1936ஆம் ஆண்டு ஆகாயத்தாமரைச் சட்டமும், இடத்தை அனுபவிப்பவரே அச்செடியை அகற்ற வேண்டும் எனப் பணித்தது. மறுஆண்டுத் தேர்தலில் அதை ஒழிப்பதாக வாக்குறுதி தராத கட்சி அங்கு அரிது! 'ஏன் செய்யவில்லை?' என்று கேட்ட சட்டம், இன்று 'யாரைக் கேட்டுச் செய்தாய்?' என்று கேட்கிறது. இந்த மாற்றத்தில் நாம் எதையோ இழந்திருக்கிறோம்.

எனினும் செடியின் இயல்பையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். தென் அமெரிக்காவின் அமேசான் படுகையில் பிறந்த ஆகாயத்தாமரை, ஏற்ற சூழலில் இரண்டே வாரத்தில் இருமடங்காகும். பிய்ந்து மிதந்து செல்லும் துண்டு, போய்ச் சேர்ந்த இடத்தில் புதுச் செடியாகும். மருந்து தெளித்துக் கொன்றாலோ, மூழ்கி அழுகும் பெருந்திரள் நீரிலுள்ள உயிர்வளியை உறிஞ்சி மீன்களை மாய்க்கும். ஏரியில் மீன் பிடிக்கக் குத்தகை எடுத்தவரின் அடுப்பும் அதனோடு அணையும். சாயக்கழிவு கலந்த நீரில் வளர்ந்த செடி உலோக நஞ்சுகளைத் தன்னுள் சேர்த்துக்கொள்வதால், அதை உரமாக்குவது நஞ்சை வயலுக்கு மாற்றுவதாகவும் முடியும். கொல்லிமலை ஓடைகளோ ஐயாறாகிப் புளியஞ்சோலை வழியே சமவெளிக்கு இறங்குகின்றன. மேலே வெட்டி நீரிலேயே விட்டது கீழே யாரோ ஒருவரின் மதகில் சிக்கும். கோரைக்குக்கூட இது பொருந்தும்.

மத்தேயு நற்செய்தியின் களைகள் உவமையிலும் பணியாளர்கள் களை பறிக்க அனுமதிதான் கேட்கிறார்கள், தலைவரோ மறுக்கிறார். களையின் மீது அவருக்குப் பரிவு இல்லை. கோதுமையின் வேர்கள் பற்றிய கவலையே காரணம். அனுமதி என்பது இந்தக் கவலையாக இருக்கும் வரை அதற்கு நாம் பணிவதே முறை. எப்படி அகற்றுவாய், எங்கே கொட்டுவாய், கீழே இருப்பவர் அறிவாரா என்று அது கேட்கட்டும்.

பெரும்பாலும் மனுக்களில் இவ்வினாக்கள் இடம்பெறுவதில்லை. மனுதாரர் யார், ஏரி எத்துறையைச் சேர்ந்தது என்பவையே முதலில் வரும். நூறு ஏக்கருக்குக் குறைந்த பாசனப் பரப்புடைய ஏரி ஊராட்சி ஒன்றியத்தினது. மிகுந்தது நீர்வளத் துறையினது. கோப்பு இவ்விரண்டிற்கும் இடையே நடந்து முடிவதற்குள் செடி எத்தனை மடங்காகும்! வண்டல் மண் எடுப்பதில் இத்தகைய தாமதத்தை அரசே உணர்ந்தது. ஆட்சியரிடம் இருந்த அனுமதி அதிகாரத்தை 2024இல் வட்டாட்சியருக்கு வழங்கியது. களைக்கும் அவ்வாறு செய்யத் தடை என்ன?

இதனினும் நம்மை உறுத்துவது வேறொன்று. உவமையில் களை விதைத்த பகைவன் இரவில் வந்தான். நம் ஆறுகளில் ஊட்டம் சேர்ப்பவர்கள் பகலிலேயே வருகிறார்கள். நகரின் சாக்கடையும், வயலில் மிகுந்த உரமும், ஆலைக்கழிவும் இல்லாத நீரில் ஆகாயத்தாமரை இவ்வளவு கொழுப்பதில்லை. கழிவை ஆற்றில் விடுவதற்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வேண்டும் என்று 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம் கூறுகிறது. ஆக, அழுக்கைச் சேர்ப்பவரும் அதை வாருபவரும் அனுமதிக்காகவே நிற்கிறார்கள். இவருள் எவரை அதிகம் வினவ வேண்டும்? வாரும் செலவை முதலாமவரிடம் பெறுவதே முறை என்பது நம் கருத்து. அதை உள்ளாட்சியின் வரிப்பணத்திலிருந்தே எடுத்துக்கொண்டிருந்தால், கழிவை விட்டவருக்கு ஆற்றின் பச்சை நிறம் கண்ணில் படவே போவதில்லை.