கீழே இருந்த எண்

செங்கல்பட்டு பக்கம் சிங்கப்பெருமாள் கோவில் ஊரில் ஜி.எஸ்.டி. சாலை ராத்திரியிலும் ஓய்வதில்லை. ஷிஃப்ட் முடிந்து இறங்குகிறவர்கள், ஏறுகிறவர்கள், ஒரகடம் பக்கம் திரும்பும் கம்பெனி பஸ்கள். 2020 மார்ச் 24 நள்ளிரவோடு, கொரோனா ஊரடங்கில், எல்லாம் நின்றது. மின்சார ரயில் அதற்கு முன்பே நின்றிருந்தது. பாடலாத்ரி நரசிம்மர் கோயிலும் சாத்திக் கிடந்தது. தமிழகத்தின் பெரிய கோயில்கள் திறக்க செப்டம்பர் 1 ஆயிற்று. மனசு சரியில்லை என்றால் நம் ஜனங்கள் முதலில் போய் நிற்பது சந்நிதியில்தான். அத்தனை மாதம் அதுவும் இல்லை.

*

இங்கே வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட அறைகள் ஏராளம். ஓர் அறைக்கு நாலு பேர், ஐந்து பேர். கம்பெனி ஓடுகிறவரை அது போதும். ஒருவர் எழுந்து வேலைக்குப் போனால் அதே பாயில் இன்னொருவர் வந்து படுப்பார். எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே அடைந்தபோதுதான் அறை எவ்வளவு சின்னது என்று தெரிந்தது. ‘வீட்டிலேயே தனிமைப்படுத்திக்கொள்ளுங்கள்’ என்ற அறிவுரையை எழுதியவருக்குத் தனி அறை இருந்திருக்கும்.

*

2021 மே. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டர் ஒன்றை நாலு பேர் காசு போட்டு வாங்குவார்கள். விரலில் மாட்டினால் சிவப்பு வெளிச்சம் தெரியும். எண் சற்றுத் தடுமாறி நிற்கும். 97. அரை மணி கழித்து 96. கழற்றி, விரலைத் தேய்த்துச் சூடேற்றி, மறுபடி மாட்டுவது. விரல் சில்லிட்டிருந்தால் குறைத்துக் காட்டும் என்பது அதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. 94-க்குக் கீழே இறங்கினால் ஆஸ்பத்திரி. பக்கத்தில் பெரியது செங்கல்பட்டு அரசு மருத்துவமனை; மே 4 இரவு அங்கே 13 நோயாளிகள் அடுத்தடுத்து இறந்த செய்தி எல்லா அறைக்கும் வந்து சேர்ந்திருந்தது. ஆக்சிஜன் தட்டுப்பாடு என்றார்கள், இல்லை என்று மறுத்தார்கள். கேட்டவர்களுக்குத் தூக்கம் போனதுதான் மிச்சம்.

அந்தச் சின்னத் திரையில் இன்னோர் எண்ணும் உண்டு. நாடித்துடிப்பு. காய்ச்சல் இல்லாமல், இருமல் இல்லாமல், சும்மா உட்கார்ந்திருக்கிறவனுக்கு நள்ளிரவில் 110, 120 காட்டும். மேலே உள்ள எண்ணைப் பார்க்க ஊர் முழுக்கச் சொல்லிக்கொடுத்தோம். கீழே உள்ளதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

*

அந்தப் படபடப்பை மனப்பிரமை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. அதே மே மாதம் முழு ஊரடங்கிலும் கார் ஆலைகளுக்கு விலக்கு இருந்தது. அசெம்ப்ளி லைனில் இடைவெளி விட்டு நிற்க முடியவில்லை என்று ஒரகடம் ரெனோ-நிசான் தொழிலாளர் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி உள்ளேயே உட்கார்ந்தார்கள். மே 25 முதல் ஐந்து நாள் ஆலை மூடப்பட்டது. பயந்தவர்கள் நிலைமையைச் சரியாகத்தான் கணித்திருந்தார்கள். சங்கம் இருந்தவர்கள் பயத்தை வாய்விட்டுச் சொன்னார்கள். போனால் தொற்று, போகாவிட்டால் சம்பளம் இல்லை என்று இருந்த கான்ட்ராக்ட் பையன்கள் யாரிடம் சொல்வது?

*

உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் ஒரு கணக்குச் சொன்னது: தொற்றின் முதல் ஆண்டில் மட்டும் உலகெங்கும் மனப்பதற்றமும் மனச்சோர்வும் 25 சதவீதம் கூடின. அதிகம் அடிபட்டவர்கள் இளைஞர்களும் பெண்களும். இந்தப் பக்கத்து ஆலைகளில் வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் இளவயதுக்காரர்கள்.

*

இங்கே மனச்சோர்வு அந்தப் பெயரில் வருவதில்லை. நெஞ்சு அடைக்குது, பசியே எடுக்கல, கை நடுங்குது, ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்துடுது. மெடிக்கல் ஷாப்பில் கேஸ் மாத்திரை வாங்குவார்கள். கேட்கவில்லையென்றால் ஈ.சி.ஜி. அது நன்றாக இருக்கும். “ஒண்ணுமில்ல, போங்க.” அந்த ‘ஒண்ணுமில்ல’வோடு திரும்பி வருகிறவன் அடுத்த முறை யாரிடமும் போகமாட்டான். 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, மனச்சோர்வு உள்ளவர்களில் 100-க்கு 85 பேருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை. தொற்று வருவதற்கு முந்தைய நிலை அது.

*

2021-இல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,64,033 பேர் என்கிறது தேசிய குற்ற ஆவணக் காப்பகம். நாலில் ஒருவர் தினக்கூலி. அத்தனையையும் தொற்றின் பேரில் எழுதிவிட முடியாது. கடன், குடும்பம், நோய் என்று காரணங்கள் பின்னிக்கிடக்கும். ஆனால் கூலி நின்ற வீட்டில் இவை எல்லாம் ஒரே வாசல் வழியாக நுழைந்தன.

தொற்று தணிந்தபின்பும் பயம் போகவில்லை. 2021 செப்டம்பர் 9 அன்று ஃபோர்டு இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. அதன் ஆலை பக்கத்து மறைமலை நகரில். நோய்க்குத் தப்பியவர்கள் வேலைக்காக விழித்திருந்தார்கள். மாத்திரையும் ஆலோசனையும் வேண்டும்தான். அடுத்த மாதச் சம்பளம் உறுதி என்ற சொல்லும் இந்த நோய்க்கு மருந்துதான் என்று நினைக்கிறேன்.

*

ஆலைகளின் மருத்துவ அறையில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரத்த அழுத்தம் பார்க்கிறீர்கள், கண் பார்க்கிறீர்கள். கூடவே “ராத்திரி தூக்கம் வருதா?” என்றும் கேளுங்கள், பதில் சொல்லி முடிக்கும்வரை இருங்கள். அரசின் இலவச மனநலத் தொலைபேசி 14416, 2022 அக்டோபரிலிருந்து இரவும் பகலும் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம். அந்த எண்ணைக் கம்பெனி பஸ்ஸுக்குள் எழுதி ஒட்டுங்கள். தமிழில் மட்டும் போதாது, இந்தியிலும் ஒடியாவிலும் ஒட்டுங்கள்.