விதி என்று சொல்வதற்கு முன்

கர்மா, விதி பற்றி நம் வார வகுப்புகளில் எவ்வளவோ பேசியிருக்கிறோம். போன செமஸ்டர் விடுமுறையில் அந்தப் பேச்சு எங்கள் வீட்டுப் பின்வாசலுக்கே வந்துவிட்டது. வந்த காரணம், 11 கோழிக்குஞ்சுகள். சிரிக்காதீங்க, முழுசா படிங்க.

எங்கள் வீடு சுங்கை சிப்புட் பக்கம், பழைய கம்பத்து வீடு. பின்னால் பாட்டி ஏழெட்டு நாட்டுக்கோழி வளர்க்கிறார். தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்திலிருந்தே அவருக்கு இது பழக்கம். நான் விடுமுறைக்கு வந்த வாரம், அடை வைத்த கோழி 21 நாள் முடிந்து 11 குஞ்சு பொரித்திருந்தது. முதல் இரண்டு வாரம் ஒரு குறையும் இல்லை.

மூன்றாவது வாரம் ஒரு காலையில் ஒரு குஞ்சு கூண்டு மூலையில் செத்துக் கிடந்தது. காயம் இல்லை, ரத்தம் இல்லை. உடும்போ மூசாங்கோ வந்திருந்தால் இறகாவது சிதறியிருக்கும். பாம்பு என்றால் குஞ்சையே விழுங்கியிருக்கும். மறுநாள் இரண்டு செத்தன. நேற்று தாய்க்கோழி பின்னால் ஓடிய குஞ்சு இன்று இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடி ஓரமாக நிற்கும். நாளைக் காலை உயிரோடு இருக்காது. பத்து நாளில் ஐந்து போய்விட்டன.

வீட்டில் ஆளுக்கொரு விளக்கம் இருந்தது. அம்மா, "வந்தவங்க எல்லாம் எவ்ளோ குஞ்சுன்னு வாயைப் பொளந்தாங்க, கண்ணு பட்டுடுச்சு" என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். அப்பா, "வாயில்லா ஜீவன், அதுக்கு ஆயுசு அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். பாட்டி சொன்னதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. வாழைமரத்தடியில் ஐந்தாவது குஞ்சைப் புதைத்துவிட்டு, கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "தாத்தா இருந்தவரைக்கும் இப்படி ஆனதில்ல. அவரோடயே என் கை ராசியும் போயிடுச்சுப்பா. இனிமே உங்க அம்மாவை அடை வைக்கச் சொல்லு."

தாத்தா இறந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. யாரும் பாட்டியைக் குற்றம் சொல்லவில்லை. கணவனை இழந்தவளின் கை ராசியில்லாத கை என்று எப்போதோ எங்கேயோ கேட்ட பேச்சு, குஞ்சு சாகும் நேரம் பார்த்து அவருக்குள்ளேயே எழுந்துவிட்டது.

நான் பொறியியல் மாணவன். இதையெல்லாம் கேட்டு மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். எதற்கும் மூலகாரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும் என்பதுதானே எங்கள் படிப்பு! ஒரு மணி நேரத்தில் நானும் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். குஞ்சுகளுக்குத் தண்ணீர் மாற்றுவது படிவம் 4 படிக்கும் தம்பியின் வேலை. அவனுக்கு எப்போதும் கைப்பேசிதான். எல்லார் முன்னாலும் அவனைத் திட்டினேன். "தெனமும் மாத்துறேண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

மறுநாளிலிருந்து நானே தண்ணீர் மாற்றினேன், காலையும் மாலையும். அந்த வாரத்திலேயே இன்னும் இரண்டு குஞ்சுகள் செத்தன.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அம்மா கண் திருஷ்டி என்றார், நான் தம்பி என்றேன். வார்த்தைதான் வேறு, இரண்டு பேரும் செய்தது ஒன்றுதான். கையில் கிடைத்த ஒரு பதிலைப் பிடித்துக்கொண்டு, தேடுவதை நிறுத்திவிட்டோம். ஒரே வித்தியாசம், என் பதிலுக்கு விஞ்ஞானச் சட்டை போட்டிருந்தேன்.

பிறகு தம்பியையே கூட்டிக்கொண்டு கூண்டை ஒழுங்காகப் பார்த்தேன். சாயங்கால மழைக்குத் தகரக் கூரை ஒழுகி, தரையில் போட்டிருந்த மரத்தூள் நசநசவென்று கிடந்தது. அதை மாற்றிப் பல மாதம் ஆகியிருந்தது. பெரிய கோழிகளின் எச்சத்துக்கு நடுவிலேயே குஞ்சுகளும் கிளறிப் பொறுக்கின. தீவனம் வெறும் நொய்யரிசி. தடுப்பூசி எதுவும் போட்டதில்லை. கால்நடை மருத்துவ அலுவலகத்தில் விசாரித்தேன். இரத்தக் கழிச்சலாக இருக்கலாம் என்றார்கள். மூன்றிலிருந்து ஆறு வாரக் குஞ்சுகளை அதிகம் தாக்குவது அது. அந்தக் கிருமி எச்சத்தில் வெளிவந்து, ஈரமும் சூடும் கிடைத்தால் ஓரிரு நாளிலேயே தொற்றக்கூடிய நிலைக்கு வந்துவிடும். எல்லா நேரமும் எச்சத்தில் ரத்தம் கண்ணுக்குத் தெரியும் என்றும் இல்லை. மலாயில் சம்பார் ஆயாம் என்கிற வெள்ளைக் கழிச்சலாகவும் இருக்கலாம். அவர்கள் கேட்ட அடுத்த கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை: "செத்த குஞ்சு இருக்கா? கெட்டுப் போகாம ஐஸ் பெட்டியில வச்சுக் கொண்டு வந்தா, அறுத்துப் பார்த்துச் சொல்லலாம்."

ஏழும் வாழைமரத்தடியில் இருந்தன. ஒவ்வொரு தடவையும் ஒரு விளக்கம் சொன்னோம், குஞ்சைப் புதைத்தோம். உண்மை தெரிந்துகொள்ள இருந்த வழியையும் சேர்த்துப் புதைத்துவிட்டோம்.

அப்படியானால் விதி, கர்மா என்பதெல்லாம் பொய்யா? நான் அப்படிச் சொல்லவில்லை. நம் சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பிரிக்கிறது. சேர்த்து வைத்தது சஞ்சிதம். இப்போது அனுபவிப்பது பிராரத்தம். இப்போது செய்து, இனி வரப்போவதற்கு விதைப்பது ஆகாமியம். நமக்கு ஏதாவது கெட்டது நடந்தால் உடனே பிராரத்தத்தைப் பற்றிப் பேசுகிறோம். ஆகாமியத்தை மறந்துவிடுகிறோம். பாட்டியின் கையைச் சந்தேகப்பட விட்டுவிட்டுச் சும்மா இருந்ததும், தம்பியை விசாரிக்காமல் திட்டியதும் நான் இந்தப் பிறவியில், இந்த விடுமுறையில் செய்த வினைகள். திருவள்ளுவரும் 38-வது அதிகாரத்தில் ஊழின் வலிமையைச் சொன்னவர், அதோடு நிறுத்தவில்லை. 62-வது அதிகாரமாக ஆள்வினையுடைமையையும் வைத்தார். முன்னதை மட்டும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடினால் தப்பு நம்மீதுதான்.

மனுநீதிச் சோழன் கதை நம் எல்லாருக்கும் தெரியும். திருவாரூரில் இளவரசன் தேர்க்காலில் ஒரு கன்று சிக்கி இறந்தது. வேண்டுமென்று செய்ததில்லை. ஆனாலும், கன்றுக்கு ஆயுள் அவ்வளவுதான் என்று சொல்லி அரசன் எழுந்து போகவில்லை. என்ன நடந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டான். அவன் கொடுத்த தண்டனையை இன்று நாம் ஏற்க மாட்டோம். ஆனால் ஒரு பசு மணி அடித்தால் போய்ப் பார்க்க வேண்டும் என்று அவன் நினைத்தானே, அது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இதைக் கேட்ட ஒரு நண்பன், "வளர்ந்தா குழம்புக்குத்தானே போகப் போவுது? அதுக்கு ஏன் இவ்வளவு?" என்றான். நியாயமான கேள்வி. கொல்லாமை பற்றி எனக்குள் இன்னும் முடிவாகாத வழக்கு அது. ஆனால் ஒன்று சொல்வேன். நாளைக்கு அதை என்ன செய்யப் போகிறோம் என்பது வேறு. இன்றைக்கு நாம் அடைத்து வைத்திருக்கிற கூண்டில், நாம் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லாமல் இருக்கிற உயிருக்கு உலர்ந்த தரையாவது கொடுப்பது நம் கடமை. நாளைய பாவத்தைக் காட்டி இன்றைய அலட்சியத்துக்கு மன்னிப்பு கேட்க முடியாது.

கூரையைச் சரி செய்தோம். பழைய மரத்தூளை வாரிக் கொட்டிவிட்டுத் தரையைக் காயவிட்டுப் புதிதாகப் போட்டோம். எச்சம் விழாதபடி தண்ணீர்த் தட்டைச் செங்கல் மேல் தூக்கி வைத்தான் தம்பி. அவனிடம் மன்னிப்பு கேட்டேன். "சரிண்ணா" என்றான், அவ்வளவுதான். குஞ்சுத் தீவனம் வாங்கினோம், தடுப்பூசிக்கும் ஏற்பாடு செய்தோம்.

அடுத்த அடைக்கு முட்டை சேர்ந்ததும் பாட்டி அம்மாவைக் கூப்பிட்டார். "நீங்க வைக்கலன்னா இந்த வீட்டுல யாரும் வைக்கப் போறதில்ல பாட்டி" என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு ஒவ்வொரு முட்டையாகத் துடைத்து வைத்தார்.

ஒன்பது பொரித்தன. ஒன்று மறுநாளே தாய்க்கோழியின் காலில் மிதிபட்டு இறந்தது, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. "ஆயுசு அவ்வளவுதான்" என்றார் அப்பா. இந்தத் தடவை எனக்கு அந்த வார்த்தை தப்பாகத் தெரியவில்லை.

மீதி எட்டும் இன்று இரண்டு மாதக் கோழிகள். எது காப்பாற்றியது? தெரியாது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டோம், சோதனைக்கூடத்தில் இப்படிச் செய்தால் விரிவுரையாளர் மதிப்பெண் போட மாட்டார். முதல் ஏழும் ஏன் செத்தன என்பதும் இனி தெரியப் போவதில்லை.

போன வாரம் போனில் பேசும்போது பாட்டி சொன்னார், மூன்றாவது அடைக்கு முட்டை எடுத்து வைத்திருக்கிறாராம். யார் வைப்பது என்று இந்தத் தடவை அவர் யாரையும் கேட்கவில்லை.