சுவரும் சமிக்ஞையும்

சுவர் ஸ்தூலமான ஒரு பொருள் என்பதோடு ஓர் ஒப்பந்தமும்கூட. இந்தப் பக்கம் நடப்பது அந்தப் பக்கம் போகாது. போனாலும் அங்கிருப்பவன் அறியாதவனாகவே நடந்துகொள்வான். பக்கத்து வீட்டுச் சண்டை நம் காதில் விழத்தான் செய்கிறது. மறுநாள் காலை மாடிப்படியில் எதிர்ப்படும்போது “என்ன சார், தண்ணி வந்துதா?” என்றுதான் கேட்கிறோம். இந்தப் பாசாங்கைப் பொய் என்று நான் கருதவில்லை. நெருங்கி வாழ நேர்ந்தவர்கள் ஒருவருக்கொருவர் தந்துகொள்ளும் மரியாதை அது. இந்த மரியாதைக்குக் கட்டுப்படாத ஒன்று இப்போது சுவரைத் தாண்டி வந்துகொண்டிருக்கிறது.

செம்பாக்கத்தில் நான் குடியிருக்கும் அடுக்ககத்தில் வீட்டுக்கு வீடு வைஃபை பெட்டி வந்த பிறகு எந்த வீட்டிலும் இணையம் சரியாக வரவில்லை. ஒன்றின் பேச்சில் இன்னொன்று குறுக்கிடுகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாமல் பேசக்கூடிய தடங்கள் மூன்றுதான்: 1, 6, 11. எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது, எந்தத் தடத்தில் பேசுகிறது என்று தெரிந்தால் ஒழுங்குபடுத்திவிடலாம் என்று குடியிருப்போர் சங்கத்தில் சொன்னார்கள். அந்த வேலை எனக்கு வந்தது.

வேலை சுலபமானது. ஒவ்வொரு பெட்டியும் வினாடிக்குச் சுமார் பத்து முறை தன் பெயரையும் தனக்கே உரிய எண்ணையும் அறிவித்துக்கொண்டிருக்கிறது, கேட்பார் இருந்தாலும் இல்லாவிட்டாலும். கைபேசியை ஏந்திக்கொண்டு தாழ்வாரங்களில் நடந்து, அந்த அறிவிப்பு எங்கே எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்று குறித்துக்கொண்டால் போதும். டெசிபல் கணக்கில் பெட்டியின் பக்கத்தில் கழித்தல் 40. கழித்தல் 90ஐ நெருங்கும்போது அநேகமாக மௌனம். பலமாகக் கேட்பதெல்லாம் பக்கத்தில் இருப்பதல்ல. கான்கிரீட் தூணுக்கு அப்பால் இருக்கும் அடுத்த வீட்டைவிட, மாடிப்படி வழியாக ஏறி வரும் கீழ்த்தளத்துப் பெட்டி உரக்கக் கேட்கும். ஆகவே ஓர் இடத்தில் நின்று தீர்மானிக்க முடியாது. பல இடங்களில் நின்று கேட்டு, அவை ஒன்றுகூடும் புள்ளியை ஊகிக்க வேண்டும்.

இரண்டு மாலைகளில் நான் தேடியது கிடைத்தது. தேடாததும் கிடைத்தது. ஒரு பெட்டிக்குக் குலதெய்வத்தின் பெயர். இன்னொன்றுக்குக் குழந்தையின் பெயரும் பிறந்த வருஷமும். முதல் நாள் கேட்ட ஒன்று மறுநாள் கேட்கவில்லை. அவர்கள் ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். எந்தக் கதவையும் நான் தட்டவில்லை, எந்தக் கடவுச்சொல்லையும் உடைக்கவில்லை. இருந்தும் ஒரு வீட்டில் ஆளில்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

தெருவுக்கு வந்துவிட்டது தெருவில் போகிறவனுக்குச் சொந்தம் என்று ஒரு வாதம் உண்டு. ஜன்னலில் விளக்கு எரிகிறது, போகிறவன் பார்க்கிறான், இதில் என்ன குற்றம்? ஒன்றுமில்லை, அவன் பார்த்துவிட்டுப் போய்விடும்வரை. ஊர் முழுக்க எல்லா ஜன்னல்களிலும் எந்தெந்த விளக்கு எரிகிறது என்று ஒருவன் நோட்டில் எழுதிக்கொண்டே போனால், செய்கை அதுதான், ஆனால் அதன் குணம் வேறாகிவிடுகிறது.

இந்தப் பிரதேசத்துக்கு அளவைகள் புதிதல்ல. 1802ல் லாம்டன் தன் நில அளவைக்கான அடித்தளக் கோட்டைப் பரங்கிமலைப் பக்கத்திலிருந்து பெரும்பாக்கம் குன்றை நோக்கி, ஏறத்தாழ ஏழரை மைல், நூறடிச் சங்கிலியால் அளந்தார். பெரும்பாக்கம் எங்களுக்குக் கிழக்கே சில கிலோமீட்டர்தான். அந்த அளவைக்கு அசையாத குறிகள் வேண்டியிருந்தன. குன்றுகளும் கோபுரங்களும் உதவின. 1808ல் தஞ்சைக் கோபுரத்தின் மேல் ஏற்றும்போது அவருடைய பெரிய தியோடலைட் கருவி மோதிச் சேதமடைந்தது. தான் ஒரு குறியாக்கப்பட்டதைப் பற்றிக் குன்றுக்குப் புகார் இருக்க முடியாது.

இன்று குறிகளாகியிருப்பவை நம் வீடுகள். துணைக்கோளின் சமிக்ஞை எட்டாத கட்டடத்துக்குள், சுற்றிலும் கேட்கும் பெட்டிகளின் பலத்தைக் கொண்டே ஒருவன் நிற்கும் இடத்தைச் சொல்லிவிடலாம் என்று மைக்ரோஸாஃப்ட் ஆய்வாளர்கள் 2000த்தில் காட்டினார்கள். பிறகு பெரிய ஸ்தாபனங்கள் தெருத்தெருவாகப் பெட்டிகளைக் கணக்கெடுத்தன. இன்று வழிப்போக்கனின் கைபேசியும் அந்தக் கணக்கெடுப்பில் பங்கு பெறுகிறது. வழி தெரியாதவனுக்கு என் கூடம் ஒரு குன்றாக நின்று உதவுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் குன்று வீடு மாறுவதில்லை, நாம் மாறுகிறோம். பெட்டியும் கூடவே வருகிறது, அதே எண்ணோடு. கணவனிடமிருந்து தப்பி இன்னொரு ஊரில் குடியேறும் ஒரு பெண் பழைய பெட்டியை எடுத்துச் சென்றால், அந்த எண்ணை அறிந்தவன் அவளைத் தேட முடியும். 2024ல் மேரிலாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆப்பிளின் இருப்பிடச் சேவையைக் கேட்டுக் கேட்டே 200 கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகளின் இடங்களைத் திரட்டிவிட்டார்கள். யுத்தத்தின்போது காஜாவில் பெட்டிகள் மறைந்துபோனதும் அதில் தெரிந்தது.

வேறொரு கணக்கெடுப்பையும் சொல்ல வேண்டும். 2008ல் ஆமதாபாத் குண்டுவெடிப்பையொட்டி வந்த மின்னஞ்சல், நவி மும்பையில் பூட்டப்படாத ஒருவருடைய வைஃபை வழியாக அனுப்பப்பட்டிருந்தது. 2009 ஜனவரியில் மும்பைப் போலீஸார் கடவுச்சொல் இல்லாத பெட்டிகளைத் தேடித் தெருவில் இறங்கினார்கள். அதுவரை, பூட்டாத பெட்டியை ஒருவகைத் திண்ணை என்று சொல்லியிருக்க முடியும். அதன்பின் திண்ணை வைத்திருப்பவனே சந்தேகத்துக்கு உரியவன். இதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் போலீஸார் தேடுகிறோம் என்று சொல்லிவிட்டுத் தேடினார்கள், உரியவருக்கு நோட்டீஸ் தருவோம் என்றார்கள். அந்த அளவு மரியாதையைக்கூட மற்றக் கணக்கெடுப்புகள் நமக்குத் தரவில்லை.

வேண்டாம் என்பவர்களுக்கு வழி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 2011ல் கூகுள் அறிவித்தபடி, பெட்டியின் பெயருக்குப் பின்னால் ஓர் அடிக்கோடும் ‘நோமேப்’ என்ற சொல்லும் சேர்த்தால் அதை விட்டுவிடுவார்கள். 2024ல் ஆப்பிளும் இதை ஏற்றது. இந்த ஏற்பாட்டின் தர்க்கத்தை யோசித்துப் பாருங்கள். என்னைக் கவனிக்காதே என்பதை வினாடிக்குப் பத்து முறை நான் ஊருக்கெல்லாம் அறிவித்துக்கொண்டிருக்க வேண்டும். தனிமை இயல்பான நிலையாக இல்லாமல், விண்ணப்பித்துப் பெறும் சலுகையாகிவிட்டது. விண்ணப்பிக்கத் தெரியாதவனுக்கு அதுவும் இல்லை.

என் வரைபடத்தில் தளத்தையும் தட எண்ணையும் மட்டும் வைத்துக்கொண்டேன். பெயர்களையும் பெட்டி எண்களையும் விட்டுவிட்டேன். அதைக் கீழே அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். அதில் இடம்பெற்றவர்கள் எல்லோரும் அதைப் பார்க்கலாம், தவறென்றால் திருத்தலாம், வேண்டாமென்றால் கிழித்துப் போடலாம். ஒரு வரைபடம் நியாயமானதா என்பதற்கு என்னிடம் இதைவிடப் பெரிய அளவுகோல் இல்லை. கோடிக்கணக்கான வீடுகளை உள்ளடக்கிய வரைபடத்தைக் கிழிக்க யாருக்கும் கை எட்டாது. மறதி மனிதனுக்குப் பலவீனமாக வாய்த்தது. அதன் நிழலில்தான் இத்தனை காலமும் பக்கத்து வீட்டுக்காரர்களாக இருந்திருக்கிறோம். மறக்கவே மறக்காத ஒன்றின் பக்கத்தில் குடியிருப்பது எப்படி என்பதை இனிமேல்தான் யோசிக்க வேண்டும்.