அச்சமும் அபயமும்

அச்சம் நீங்கிய இடத்தில்தான் அருள் பிறக்கும் என்பது நம் தேசத்துச் சமய மரபுகளில் ஆழ வேரூன்றிய கொள்கை. துறவு பூணுகிறவன், இனித் தன்னால் எவ்வுயிருக்கும் பயம் உண்டாகாது என்று சகல ஜீவராசிகளுக்கும் அபயம் அளித்த பின்னரே காஷாயம் தரிக்கிறான். பகவத்கீதையின் 12-ஆம் அத்தியாயமும், எவனால் உலகம் கலங்குவதில்லையோ, எவன் உலகினால் கலங்குவதில்லையோ, அவனையே இறைவனுக்குப் பிரியமானவன் என்று காட்டுகிறது. இவ்விரு நிலைகளும் ஒருவனிடத்தில் ஒருங்கே அமைவது பெரும்பேறு என்பதில் ஐயமில்லை. ஆயினும், அச்சத்தைக் கடந்தவன் அருளாளன் என்றால், அச்சத்தை அறிந்தே இராதவனும் அருளாளன் ஆவானா என்ற கேள்வி உடன் எழுகிறது. காட்டோரத்துச் சாலைகளில் சைக்கிளில் செல்பவனுக்கு இந்தக் கேள்வி ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை; சில வேளை நான்கு கால்களோடும், சில வேளை கால்களே இல்லாமலும், அது அவன் எதிரே வந்து நிற்கிறது.

ஈரோடு மாவட்டத்தில், சத்தியமங்கலத்தையும் பவானிசாகரையும் பண்ணாரியையும் இணைக்கும் சாலைகள், ஒருபுறம் வயல்களையும் வாழைத் தோட்டங்களையும் மறுபுறம் புலிகள் காப்பகத்தின் முட்காட்டையும் தொட்டுக்கொண்டு செல்கின்றன. மோட்டாரில் போகிறவன் கண்ணாடிக்கு உள்ளே இருந்துகொண்டு அந்தக் காட்டைப் பார்க்கிறான். சைக்கிளில் போகிறவனைக் காடும் பார்க்கிறது. அவனைச் சுற்றிச் சுவரில்லை, இயந்திரத்தின் இரைச்சல் இல்லை, ஓட்டத்தை நிறுத்தக் காலைத் தரையில் ஊன்றினால் போதும். ஆகவேதான் புதர் விட்டுப் புதர் தாவும் கீரியும், வயிறு தேய மெல்லக் கடக்கும் உடும்பும், கூட்டமாய் மேய்ந்துகொண்டே தலை நிமிர்த்தும் புள்ளிமான்களும் அவனுக்கு அவ்வளவு அருகில் வாய்க்கின்றன. மழை பெய்து ஓய்ந்த காலையில் செந்நிறத் தம்பலப்பூச்சிகளும் மரவட்டைகளும் தவளைகளும் சாலை நெடுகப் பரவிக் கிடக்கின்றன. பகல் வெயிலின் சூட்டைத் தார் இன்னும் விடாமல் வைத்திருக்கும் முன்னிரவில், அந்த வெதுவெதுப்பை நாடி விரியன் வந்து படுத்துக்கொள்கிறது. அவற்றுள் எதுவும் மனிதனுக்குப் பகையாக வரவில்லை. அவை உயிர் வாழ்வதற்காக வருகின்றன. அவன் வழியும் அவற்றின் வழியும் அந்த இடத்தில் குறுக்கிடுகின்றன.

வழி நடப்பதை ஒரு தர்மமாகவே ஆராய்ந்தவர்கள் நம் முன்னோர். சமண முனிவர், ஒரு நுகத்தடி நீளத்துக்கு முன்னே நிலத்தைக் கூர்ந்து நோக்கி, ஊர்வனவற்றின்மேல் அடி படாதபடி நடக்கக் கடவர் என்பது அவர்கள் ஒழுக்க விதி. மழைக்காலத்தில் பிக்குகள் ஊர் ஊராய்த் திரிவதால் பசும்புல்லும் சிற்றுயிர்களும் மிதிபடுகின்றன என்று மக்கள் குறைகூறியபோது, அப்பருவம் முழுவதும் ஓரிடத்தில் தங்கும் வஸ்ஸ விரதத்தைப் புத்தர் ஏற்படுத்தினார் என்று விநய நூல் கூறுகிறது. இவ்விரு விதிகளிலும் மறைந்து கிடக்கும் ஞானம் பெரிது. உயிர்க்கொலையின் பெரும்பகுதி குரோதத்தினால் நிகழ்வதன்று, கவனமின்மையால் நிகழ்வது என்பதையும், கவனம் என்பது கால் செல்லும் வேகத்தைப் பொறுத்தது என்பதையும் அவர்கள் கண்டிருந்தார்கள். கண் காண்பதற்குள் கால் கடந்துவிடுமானால், அங்கே கருணைக்கு அவகாசமே இல்லை.

சைக்கிள் அந்த அவகாசத்தைத் திருப்பித் தருகிறது. அதோடு வேறொன்றையும் தருகிறது. பவானிசாகர் நீர்த்தேக்கத்துக்கு யானைகள் தண்ணீர் குடிக்க இறங்கும் தடங்களை இந்தச் சாலைகள் ஊடறுக்கின்றன. ஒரு மாலையில், திருப்பத்தைத் தாண்டியதும், சாலையோரத்து வேலமரத்தின் கீழ் ஆண் யானை ஒன்று நின்றுகொண்டிருந்தது. எதிர்ப்புறத்தில் பால் கேன்களோடு சைக்கிளில் வந்த முதியவர் ஒருவர் தொலைவிலேயே இறங்கி, கையமர்த்தி, தணிந்த குரலில், “சாமி நிக்குதுங்க தம்பி, அது போயிரட்டும், பொறகு நாம போலாம்” என்றார். மணியடிக்கக் கூடாது, ஓடக் கூடாது, காற்று எத்திசையில் வீசுகிறது என்று பார்த்துப் பின்வாங்கி நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அன்றாடப் பழக்கம். நான்கு டன்னுக்கும் மேற்பட்ட அந்தப் பேருருவம் காது விரித்து எங்கள் பக்கம் திரும்பிய கணத்தில், என் உடல் தசையும் எலும்புமாய் ஆனது, எளிதில் சிதையக்கூடியது என்பதை எந்த வேதாந்த விசாரமும் உணர்த்தியிராத தெளிவோடு உணர்ந்தேன். யானை எங்களைப் பொருட்படுத்தாமல் சாலையைக் கடந்து சென்றது. அதன் பின் மறுபடியும் மிதிக்கத் தொடங்கியபோது, முன்சக்கரத்தின் வழியில் தத்திக்கொண்டிருந்த தவளையொன்றைக் கண்டு சட்டென்று விலகினேன். அந்த விலகல் போதனையினால் வந்ததன்று.

தன்னைவிட மெலியவர்மேல் பாய எண்ணுகிறவன், தன்னைவிட வலியவர் எதிரே தான் நிற்கும் நிலையை நினைத்துப் பார்க்கட்டும் என்ற கருத்தோடு அருளுடைமை அதிகாரத்தை வள்ளுவர் முடித்திருக்கிறார். அச்சத்தை இகழாமல், அதை அருளுக்கு ஆசிரியனாக்கிய அந்த உபாயம் வியக்கத்தக்கது. வள்ளுவர் நினைவினால் செய்யச் சொன்னதை, இந்தச் சாலை அனுபவத்தினால் செய்விக்கிறது: யானைக்கு முன் மெலியவனாகவும் தவளைக்கு முன் வலியவனாகவும், ஒரே மாலையில், ஒரே மனிதன் நிற்கிறான். ஏணியின் உச்சியில் இருப்பதாகத் தன்னை எண்ணிக்கொண்டிருந்தவன், தான் நடுப்படியில் நிற்பதை அறிகிறான்.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபத்துக்கு விடை கூறியாக வேண்டும். அந்த முதியவருக்கு இந்த அச்சம் தத்துவ விசாரமன்று; பால் கறந்து கொண்டுபோய் ஊற்றுவதற்கு வேறு வழியில்லாமல் நாள்தோறும் அவர் சுமக்கும் பாரம். காட்டோரத்துக் கிராமங்களில் யானையால் உயிரிழந்தோரும் பயிரிழந்தோரும் உண்டு. அவர்களிடம் சென்று அச்சத்தின் மேன்மையைப் பிரசங்கம் செய்வது அதர்மம். ஆனால் அவர் சொன்ன சொல்லை எண்ணிப் பாருங்கள். விலங்கு முதலில் போகட்டும், பிறகு நாம் என்ற முறைமையை வகுத்தவர், அதனால் பயன் பெறுகிற என்னைப் போன்ற யாத்திரிகன் அல்லர். அதனால் ஆபத்துக்கு உள்ளாகிற அவரே. அச்சத்தை வெறுப்பாக முற்றவிடாமல் மரியாதையாகக் கனியச் செய்த அந்த மனத்தை, நூல் பல கற்றவரிடத்தும் நான் அதிகம் கண்டதில்லை.

சாலையில் மடிந்த ஓர் உயிரைப் பற்றி நம் இலக்கியம் மறக்காத கதை மனுநீதிச் சோழனுடையது. சேக்கிழார் திருவாரூரின் பெருமையைப் பாடும்போது அதை விரித்துரைக்கிறார். இளவரசன் அறிந்து செய்யவில்லை; கன்று துள்ளி ஓடி வந்து தேர்க்காலில் அகப்பட்டது. அறியாமல் நேர்ந்தது என்ற சமாதானத்தை அமைச்சர்கள் கூறினார்கள். அரசன் அதை ஏற்கவில்லை. தாய்ப்பசு கொம்பினால் ஆராய்ச்சி மணியை அசைத்ததால் அந்த நீதி கிடைத்தது. காட்டு விலங்குக்கு அரண்மனை வாசலும் தெரியாது, மணியும் எட்டாது. ஆகையால் அதற்காக மனிதனே மணியை அசைக்க வேண்டியிருக்கிறது. பண்ணாரியிலிருந்து 27 கொண்டை ஊசி வளைவுகளோடு திம்பம் மலையேறி மைசூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், வாகனங்களில் அடிபட்டு விலங்குகள் மடிவதைச் சொல்லி ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்தில் முறையிட்டார். 2022 பிப்ரவரியிலிருந்து அங்கே இரவுப் போக்குவரத்துக்குத் தடை நடைமுறைக்கு வந்தது. வியாபாரத்துக்கும் மலைக் கிராமத்தாருக்கும் அதனால் விளைந்த சிரமங்கள் பொய்யல்ல. எனினும், இருளின் சில மணி நேரமாவது வழியின் உரிமை மற்ற உயிர்களுக்கு உண்டு என்று ஓர் அரசாங்க அமைப்பு ஒப்புக்கொண்டதில் சோழன் காத்த தர்மத்தின் தொடர்ச்சியைக் காண்கிறேன்.

முதலில் எழுப்பிய கேள்விக்கு இப்போது என் விடையைச் சொல்லலாம். அச்சம் அறியாமை வேறு, அச்சம் கடந்தமை வேறு. எதனாலும் தீண்டப்படாதவன் பிற உயிருக்கு இடுவது இரக்கமாகலாம். அதில் தானும் அவ்வுயிரும் ஓரினம் என்ற அறிவு இராது. தானும் அழியும் உடம்பினன் என்று உணர்ந்து நடுங்கி, அந்த நடுக்கமே எதிரே நிற்கும் உயிருக்கும் உண்டு என்று கண்டவன் அளிப்பதே அபயம். பண்ணாரி மாரியம்மன் சந்நிதியில் பங்குனியில் குண்டம் இறங்குகிற பக்தன், நெருப்புச் சுடும் என்பதை அறியாதவன் அல்லன். அறிந்தே இறங்குவதால்தான் அது பக்தியாகிறது. அதே அம்மனைத் தரிசிக்க மோட்டாரில் விரைகிறவர்களுக்கும் இந்த ஞானம் கைகூடாததன்று. காடு தொடங்கும் இடத்தில் வேகத்தைக் குறைத்து, விளக்கைத் தாழ்த்தி, ஒலிப்பானை அடக்கி, குறுக்கே வரும் உயிர் முதலில் போகட்டும் என்று நிறுத்துவார்களானால், அவர்கள் வழிபாடு கோயில் வாசலுக்கு முன்னரே தொடங்கிவிட்டது என்று நான் துணிந்து சொல்வேன்.