வலைப்பக்கமும் ஆப்த வாக்கியமும்

இணையப் பக்கங்களை வடிவமைக்கக் கற்கப் புகுவோருக்கு இன்று வாய்த்திருக்கும் நூல்களும் பாடங்களும் காணொளிகளும் அளவிறந்தவையாதலால், கற்பிக்க முன்வரும் இத்தனை பேரில் எவருடைய வார்த்தையை நம்பித் தம் காலத்தை ஒப்படைப்பது என்பதே அவர்களுக்கு முதல் இடராக நிற்கிறது. ஆசிரியரின் தகுதியை அளந்தறிய அந்த வித்தை தெரிந்திருக்க வேண்டும். வித்தை தெரிந்துவிட்டாலோ ஆசிரியரே வேண்டியதில்லை. இச்சிக்கலைப் புதியதென்று எண்ணுவோர் நம்முடைய தர்க்க சாஸ்திரக்காரர்களின் பக்கம் போகாதவர்கள். பிறர் சொல் அறிவுக்கு ஆதாரமான ஒரு பிரமாணமாகுமா, ஆகுமெனில் எவர் சொல் ஆகும் என்று அவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் நடத்திய விசாரம் வேதத்தோடு நின்றுவிடவில்லை. ஆற்றங்கரையில் பழங்கள் கிடக்கின்றன என்று வழிப்போக்கன் ஒருவன் சொன்னால் நம்பிப் போகலாமா என்கிற மட்டத்துக்கும் அது இறங்கி வந்தது.

வலைப்பக்க வித்தையில் பிரத்தியக்ஷத்துக்கு, அதாவது நேரே கண்டறிவதற்கு, ஒரு விசேஷ இடம் உண்டு. டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் எழுதிக்கொடுத்த யோசனையிலிருந்து வளர்ந்த வலையை, 1993 ஏப்ரல் 30-ஆம் நாள் அக்கூடம் கட்டணமின்றி உலகுக்குப் பொதுவாக்கியது. அதனினும் மாணாக்கருக்குப் பெரிய கொடை, எந்தப் பக்கத்தையும் திறந்து அதன் மூல நிரலை உலாவியிலேயே வாசிக்கலாம் என்பது. முதல் தலைமுறை வடிவமைப்பாளரில் பலர் அப்படி வாசித்தே தேறினார்கள். ஆயினும் மூல நிரல், செய்தவர் இன்னது செய்தார் என்று காட்டுமேயன்றி, ஏன் செய்தார் என்றோ, செய்தது சரியா என்றோ சொல்லாது. அதற்குச் சொல்தான் வேண்டும்.

அச்சொல் எவருடையதாக இருக்கவேண்டும் என்பதற்கு, தர்க்க சாஸ்திரக்காரரான வாத்ஸ்யாயனர் தம் நியாய பாஷ்யத்தில், பொருளை நேரே கண்டறிந்தவனாகவும், கண்டதைக் கண்டபடியே பிறருக்கு அறிவிக்கும் விருப்பத்தால் பேசுகிறவனாகவும் இருப்பவனே ஆப்தன் என்று இலக்கணம் கூறிவிட்டு, இது ரிஷிகளுக்கும் ஆரியர்களுக்கும் மிலேச்சர்களுக்கும் சமானமே என்று ஒரு வாக்கியத்தையும் சேர்க்கிறார். குலத்தையும் பீடத்தையும் ஆசிரிய லக்ஷணத்திலிருந்து இத்தனை அமைதியாக அப்புறப்படுத்திய வாக்கியங்கள் பழைய நூல்களில் மிகுதியில்லை என்பது என் எண்ணம். அவ்விலக்கணத்தைக் கொண்டு பார்க்கையில், மோசில்லா 2005-இல் தொடங்கிய எம்.டி.என். ஆவணத் தொகுப்பை முதல் வரிசையில் வைக்கத் தோன்றுகிறது. உலாவியை உருவாக்குவோரின் இல்லத்தில் பிறந்தது அது. 2017-இல் கூகுள், மைக்ரோசாப்ட் ஆகிய போட்டியாளர்களும் அதன் ஆலோசனைக் குழுவில் சேர்ந்தனர். ஒரு கூறு எந்த உலாவியில் இயங்கும், எதில் இயங்காது என்பதை அதன் அட்டவணைகள் ஒளிவுமறைவின்றி உரைக்கின்றன. 1998-இல் நார்வேயில் தோன்றிய டபிள்யூ3ஸ்கூல்ஸ் எளிமையால் மாணாக்கரைக் கவர்வது. பெயரைக் கண்டு அதனை வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் கிளையென்று கொள்வோர் உண்டு, இரண்டுக்கும் உறவில்லை. அதனால் அதன் பாடம் பொய்யாகிவிடாது. பெயரால் வந்த நம்பிக்கை மட்டுமே கழியும். சில வாரங்களில் உத்தியோகம் என்று முழங்கும் காணொளிகளைப் பற்றி அதிகம் சொல்வானேன்? அறிவிக்கும் விருப்பம் அங்கே வேறொரு விருப்பத்துக்கு வேலைக்காரனாக இருக்கிறது.

ஆசிரியர் ஆப்தர்தாமா என்று தேறுவது எவ்வாறு? ஞானம் பாதிக்கப்படும்வரை, அதாவது பொய்யென்று மறுக்கப்படும்வரை, தானாகவே பிரமாணம் என்பர் மீமாம்சகர். அதை நம்பிச் செய்த காரியம் பலித்ததைக் கண்டபின்னரே பிரமாணம் என்று நிச்சயிக்கலாம் என்பர் வாத்ஸ்யாயனரின் வழிவந்த நையாயிகர். வேறெந்த சாஸ்திரத்திலும் இல்லாத சௌகரியமாக, இங்கே பாடத்தை எழுதிச் சேமித்து உலாவியைப் புதுப்பித்த கணத்திலேயே பலன் தெரிந்துவிடுகிறது. ஆனால் அந்த சௌகரியத்திலேயே ஒரு மோசமும் ஒளிந்திருக்கிறது. சி.எஸ்.எஸ். என்னும் அலங்கார மொழி 1996 டிசம்பரில் டபிள்யூ3சி-யின் பரிந்துரையாக வெளிவந்தும், உலாவிகள் அதனை ஒழுங்காக ஏற்காதிருந்த அந்நாளில், பக்கத்தைப் பத்திகளாகப் பிரிக்க அட்டவணைக் குறிகளைக் கையாளவும், இடைவெளிக்காகக் கண்ணுக்குத் தெரியாத சிறு படங்களைச் செருகவும் பலர் கற்பித்தார்கள், கற்றவர்கள் செய்தார்கள், திரையில் பலித்தது. பார்வையற்ற ஒருவர், திரையிலுள்ளதை உரக்கப் படிக்கும் திரைவாசிப்பான் வழியே அதே பக்கத்தைக் கேட்டபோது வாக்கியங்கள் முன்பின்னாகவும், இல்லாத படங்களின் பெயர்கள் நடுநடுவேயும் ஒலித்தன. பலனைச் சோதிப்பவர் தம் கண்ணளவிலேயே சோதனையை நிறுத்திக்கொண்டதன் விளைவு அது. எல்லோருக்கும் எட்டும் பக்கம் எத்தகையது என்னும் நெறிமுறைகளை டபிள்யூ3சி 1999 மே மாதத்தில் வெளியிட நேர்ந்ததற்கு இத்தகைய பக்கங்களும் காரணம். காலத்தாலும் பாதகம் வரும்: சி.எஸ்.எஸ்.-இல் ஒரு பகுதியை ஓரமாக ஒதுக்கும் மிதவைக் குறிப்பைக் கொண்டு பத்தி பிரிக்கும் பாடம், 2017-இல் முக்கிய உலாவிகள் பக்கத்தைக் கட்டங்களாகப் பிரிக்கும் கிரிட் முறையை ஏற்றபின், பழுதின்றியே பழையதாயிற்று. பாடத்தின் தேதியைப் பார்ப்பது அற்ப காரியமன்று.

ஆகவே தொடக்க மாணாக்கர் சேர்க்க வேண்டிய சாதனங்களில், பார்வையற்றவரான மைக்கேல் கர்ரன் 2006-இல் ஆஸ்திரேலியாவில் எழுதத் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்னும் இலவசத் திரைவாசிப்பானையும் வைப்பேன். அது பாடம் சொல்லாது. தலைப்புக் குறி இடவேண்டிய இடத்தில் எழுத்தைப் பெரிதாக்கி மட்டும் வைத்த தம் பக்கத்தில், தலைப்புக்குத் தலைப்பு தாவும் எச் விசையை ஒருவர் அழுத்தினால், அடுத்த தலைப்பு இல்லை என்று அறிவிக்கும். அதைக் கேட்டபின் தலைப்புக் குறிகளைப் பற்றிப் படிக்கப் போகிறவருக்கு, தாம் கேட்கவேண்டிய கேள்வி இன்னதென்று தெரிந்துவிட்டபடியால், எந்த ஆசிரியர் அதற்கு விடை சொல்கிறார், எவர் நழுவுகிறார் என்பதை வித்தை முற்றும் முன்னரே பிரித்தறிய முடிகிறது.